உங்கள் கடையில் ஆராய்ச்சி மணி இருக்கிறதா?

தோட்டத்துக் கடையில் சாமான் வாங்கிப் பழகிய யாருக்கும் இது தெரியும். அரிசியில் கல் கிடந்தால் மறுநாள் காலையிலேயே அந்தச் செய்தி கடைக்காரர் காதுக்குப் போய்விடும். "என்னங்க, போன வாரம் போட்ட அரிசியில பாதி கல்லு. எனக்குப் பல் போனா நீங்களா கட்டிக் கொடுப்பீங்க?" என்று ஒரு பாட்டி கேட்பார். பக்கத்தில் நிற்பவர்கள் சிரிப்பார்கள். கடைக்காரர் முகம் சுருங்கும். ஆனால் அடுத்த மூட்டையை அவர் பிரித்துப் பார்த்துத்தான் இறக்குவார். அப்படிப் பார்க்காத கடைக்காரர் என்ன ஆவார்? சம்பளம் போட்ட அன்று 555 புத்தகத்தில் உள்ள பாக்கியைத் தீர்த்துவிட்டு, அந்தக் குடும்பம் அடுத்த கடையில் புதுக் கணக்கைத் தொடங்கிவிடும்.

இன்று கடை இடம் மாறிவிட்டது. பகாவ், ரந்தாவ், சிலியாவ், லிங்கி, கெமெஞ்சே என்று எந்தப் பக்கம் போனாலும், தோட்டத்து வீட்டில் இருந்தபடியே எதையாவது விற்கும் தாய்மாரும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். முறுக்கு, அதிரசம், மசாலைத் தூள், ஊறுகாய், தைத்த ரவிக்கை, கட்டிய மாலை என்று எத்தனையோ பொருள்கள். லாபு, நீலாய், சிரம்பான் பக்கம் தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாக மாறிய பிறகு, அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபோனவர்களும் அப்படியே. பிள்ளைகள் படித்தவர்கள். அவர்கள் அம்மாவின் கைப்பக்குவத்தை ஓர் அகப்பக்கத்தில் ஏற்றி, படம் போட்டு, விலை போட்டு, நாடு முழுவதற்கும் விற்கிறார்கள். பெருமையான காரியம்தான்.

ஆனால் ஒரு கேள்வி. அந்தப் பாட்டி போல வந்து "அரிசியில் கல்லு" என்று சொல்ல, உங்கள் அகப்பக்கத்தில் இடம் இருக்கிறதா? சொன்னால் கேட்க ஆள் இருக்கிறதா?

பேசாமல் போகிறவர்கள்

கடை வாசலில் கோபப்படுகிறவரை நாம் தொல்லை என்று நினைக்கிறோம். உண்மையில் அவர் நமக்கு வேண்டியவர். குறையைச் சொல்லாமல் போகிறவர்தான் நமக்கு நட்டம் வைக்கிறவர்.

1970களில் அமெரிக்காவில் டார்ப் என்ற ஆய்வு நிறுவனம், வாங்கிய பொருளில் குறை கண்டவர்கள் என்ன செய்கிறார்கள் என்று அந்நாட்டு அரசாங்கத்துக்காக ஆராய்ந்தது. அதில் இரண்டு உண்மைகள் தெரியவந்தன. ஒன்று, குறை கண்டவர்களில் பெரும்பாலோர் நிறுவனத்திடம் வாயே திறப்பதில்லை. பேசாமல் வேறு கடைக்குப் போய்விடுகிறார்கள். இரண்டாவது இன்னும் வியப்பானது. குறையைச் சொல்லி, அது விரைவில் தீர்க்கப்பட்டவர்கள், குறை கண்டும் சொல்லாமல் இருந்தவர்களைவிட அதிகமாகத் திரும்ப வந்து வாங்குகிறார்கள்.

அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பார்கள். வியாபாரத்தில் அதை இப்படியும் சொல்லலாம்: அழுத பிள்ளையால் தாய்க்கும் நன்மை. பிள்ளை பசியோடு இருப்பது அப்போதுதானே அவளுக்குத் தெரிகிறது!

தோட்டத்துக் கடையில் முகம் பார்த்தாலே தெரிந்துவிடும். வாடிக்கையாளர் ஊறுகாய் புட்டியைக் கையில் எடுத்து, விலையைப் பார்த்து, திரும்ப வைத்தால், கடைக்காரர் "என்ன அக்கா, விலை கூடயா?" என்று கேட்டுவிடுவார். அகப்பக்கத்தில் அந்த முகம் தெரிவதில்லை. வந்தவர் பார்க்கிறார், புரியவில்லை என்றால் ஒரு விரலால் மூடிவிட்டுப் போகிறார். உங்களுக்குத் தெரிவதெல்லாம் இந்த மாதம் வியாபாரம் மந்தம் என்பது மட்டும்தான். ஏன் மந்தம் என்று தெரியாது. விலையா? படம் தெளிவாக இல்லையா? காசு கட்டும் இடத்தில் தடுமாறினாரா? இதைத் தெரிந்துகொள்வதற்குத்தான் மணி வேண்டும் என்கிறோம்.

சோழன் கட்டிய மணி

திருவாரூரில் இருந்து ஆண்ட மனுநீதிச் சோழன் கதையை நம் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பீர்கள். அரண்மனை வாசலில் அவன் ஓர் ஆராய்ச்சி மணியைக் கட்டினான். நீதி வேண்டுவோர் யாராக இருந்தாலும் அதை அடிக்கலாம். இளவரசனின் தேர்க்காலில் கன்றைப் பறிகொடுத்த பசு வந்து அடித்தது.

இந்தக் கதையில் நாம் வழக்கமாக மன்னனின் நீதியைத்தான் பேசுவோம். வியாபாரம் செய்கிறவர்கள் வேறு மூன்றைக் கவனிக்க வேண்டும். மணி வாசலில் இருந்தது, உள்ளே ஏழு கட்டுக்கு அப்பால் இல்லை. அடிப்பதற்கு எழுத்தறிவு வேண்டியதில்லை, பசுவாலும் முடிந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, மணி ஒலித்தபோது மன்னனே எழுந்து வந்தான்.

இன்று பல அகப்பக்கங்களில் மணி இருக்கிறது. ஆனால் கடைசிப் பக்கத்தின் அடியில், எறும்பு எழுத்தில் இருக்கிறது. அடிக்க வேண்டுமானால் பெயர், அடையாள எண், முகவரி என்று பத்துக் கட்டங்களை நிரப்ப வேண்டும். நிரப்பி அனுப்பினால் பதில் வராது. அப்படிப்பட்ட மணியைக் கட்டாமலே இருக்கலாம். ஒருவரைப் பேசச் சொல்லிவிட்டுக் காதைப் பொத்திக்கொள்வது, பேசாதே என்று சொல்வதைவிட அதிகமாக மனத்தைப் புண்படுத்தும்.

உடைந்த தொலைக்காட்சியும் திருச்சிக்காரரும்

வாடிக்கையாளர் சொல்லைக் கேட்பதையே தொழிலாக்கிய ஒரு தமிழரின் கதையைச் சொல்கிறோம். திருச்சியைச் சேர்ந்த கிரீஷ் மாத்ருபூதம் என்பவர் சென்னையின் ஸோஹோ மென்பொருள் நிறுவனத்தில் பல ஆண்டுகள் வேலை செய்தவர். அமெரிக்காவில் சிறிது காலம் இருந்துவிட்டுக் குடும்பத்தோடு சென்னைக்குத் திரும்பினார். சாமான்கள் கப்பலில் வந்தன. பிரித்துப் பார்த்தால் தொலைக்காட்சிப் பெட்டி உடைந்து கிடந்தது.

காப்புறுதிப் பணத்துக்காக எழுதினார், கூப்பிட்டார், மறுபடியும் எழுதினார். மாதங்கள் ஓடின. காசு வரவில்லை. கடைசியில், வெளிநாட்டிலிருந்து தாயகம் திரும்பும் இந்தியர்கள் கூடிப் பேசும் ஓர் இணைய இடத்தில் நடந்ததை எழுதிவிட்டார். படித்தவர்கள் எல்லாரும் அந்த நிறுவனத்தில் சாமான் அனுப்ப யோசிக்க ஆரம்பித்தார்கள். நிறுவனத்தின் தலைவரே வந்து மன்னிப்புக் கேட்டார். பணமும் உடனே வந்து சேர்ந்தது.

மாதக்கணக்கில் தனியாகக் கேட்டுக் கிடைக்காதது, பத்துப் பேர் முன் கேட்டதும் கிடைத்துவிட்டது. காலம் மாறுகிறது, இனி வாடிக்கையாளர் பேச்சை எந்த நிறுவனமும் அலட்சியம் செய்ய முடியாது என்பதை அவர் கண்டுகொண்டார்.

அதே காலத்தில் இன்னொன்றும் நடந்தது. வாடிக்கையாளர் புகார்களைக் கவனிக்கும் மென்பொருளை விற்றுவந்த ஜென்டெஸ்க் என்ற நிறுவனம், 2010ஆம் ஆண்டில் திடீரென்று விலையை ஏற்றியது. வாடிக்கையாளர்கள் கொதித்துப்போனார்கள். நிறுவனம் மன்னிப்புக் கேட்டு, பழைய வாடிக்கையாளர்களைப் பழைய விலையிலேயே இருக்கவிட்டது. இந்தச் செய்தியின் கீழே வாசகர் ஒருவர், நியாயமான விலையில் இப்படி ஒரு மென்பொருளைச் செய்து கொடுப்பவருக்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது என்ற கருத்தில் எழுதியிருந்தார். அதைப் படித்த கிரீஷ் வேலையை விட்டார். 2010 அக்டோபரில் நண்பர் ஷான் கிருஷ்ணசாமியோடு சேர்ந்து, சென்னையில் ஒரு சின்ன இடத்தில், ஆறு பேர் கொண்ட குழுவாக ஃப்ரெஷ்டெஸ்க் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். முதல் வாடிக்கையாளர் ஆஸ்திரேலியாவில் உள்ள ஒரு கல்லூரி. பிறகு ஃப்ரெஷ்வொர்க்ஸ் என்று பெயர் மாறிய அந்த நிறுவனம், 2021 செப்டம்பர் 22ஆம் நாள் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் இடம்பெற்றது.

நாம் எல்லாரும் பங்குச் சந்தைக்குப் போகப் போவதில்லை. இந்தக் கதையில் நமக்கு வேண்டியது வேறு. ஒருவர் அலட்சியம் செய்த புகாரும், முகம் தெரியாத ஒருவர் எழுதிய இரண்டு வரியும் சேர்ந்து ஒரு பெரிய தொழிலுக்கு விதையாயின. உங்கள் முறுக்கு வியாபாரத்துக்கு வேண்டிய விதையும், யாரோ ஒருவர் அனுப்பி நீங்கள் படிக்காமல் விட்ட செய்தியில் இருக்கலாம்.

ஐந்து பேரைக் கூப்பிடுங்கள்

"சரி, நாங்கள் எங்கே தொடங்குவது?" என்று கேட்பீர்கள். காசு செலவில்லாத வழி ஒன்று உண்டு.

ஜேக்கப் நீல்சன் என்பவர் அகப்பக்கங்களை மக்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று ஆராய்ந்து புகழ் பெற்றவர். 2000ஆம் ஆண்டில் அவர் ஒரு கணக்கு எழுதினார். ஓர் அகப்பக்கத்தில் உள்ள சிக்கல்களைக் கண்டுபிடிக்க ஆயிரம் பேர் தேவையில்லை, ஐந்து பேர் பயன்படுத்துவதைப் பக்கத்தில் இருந்து பார்த்தாலே ஏறக்குறைய 85 விழுக்காடு சிக்கல்கள் தெரிந்துவிடும் என்றார்.

ஐந்து பேருக்கு நமக்கு என்ன பஞ்சம்? பக்கத்து வீட்டு அக்கா, கோயில் கமிட்டி அண்ணன், பள்ளிக்கூடத்துப் பெண், கண்ணாடி போட்ட தாத்தா, பட்டணத்தில் வேலை செய்யும் மருமகன் என்று கூப்பிடுங்கள். ஒவ்வொருவராக உட்கார வைத்து, கைத்தொலைபேசியைக் கொடுத்து, "இதில் ஒரு கிலோ முறுக்கு வாங்குங்கள் பார்ப்போம்" என்று மட்டும் சொல்லுங்கள். பிறகு வாயை மூடிக்கொண்டு பாருங்கள். இதுதான் கடினம். "அங்கே இல்லை, இங்கே அழுத்துங்க" என்று சொல்லிக் கொடுக்க நாக்குத் துடிக்கும். சொல்லாதீர்கள். முகம் தெரியாத வாடிக்கையாளர் வீட்டில் போய் நீங்கள் சொல்லிக் கொடுக்க முடியுமா?

தாத்தா எந்த இடத்தில் கண்ணைச் சுருக்குகிறார், அக்கா எந்த இடத்தில் "இது என்னடி?" என்கிறார், மருமகன் எந்த இடத்தில் பொறுமை இழக்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு பேர் ஒரே இடத்தில் தடுக்கி விழுந்தால், குற்றம் விழுந்தவருடையது அல்ல, படியினுடையது.

ஒரு பொத்தான் கொண்டுவந்த காசு

படி தடுக்கினால் எவ்வளவு நட்டம் வரும் என்பதற்கு ஓர் உதாரணம். ஜாரட் ஸ்பூல் என்ற அமெரிக்க வல்லுநர் 2009ஆம் ஆண்டில் எழுதியது இது. அங்கே ஒரு பெரிய கடையின் அகப்பக்கத்தில், பொருளைத் தேர்ந்தெடுத்துக் காசு கட்டப் போகும்போது, "பதிவு செய்யவும்" என்று ஒரு பொத்தான் நின்றது. ஒரு முறை பதிந்துவிட்டால் அடுத்த முறை வேகமாக வாங்கலாமே என்ற நல்ல எண்ணத்தில்தான் வைத்திருந்தார்கள்.

ஸ்பூலின் குழு வாடிக்கையாளர்களைப் பக்கத்தில் இருந்து பார்த்தது. புதிதாக வந்தவர்களுக்கு அந்தப் பொத்தானைக் கண்டாலே எரிச்சல். பழையவர்களுக்கோ கடவுச்சொல் மறந்துபோயிருந்தது. பொத்தானை எடுத்துவிட்டு "தொடரவும்" என்று வேறொரு பொத்தானை வைத்தார்கள். வாங்குவதற்குப் பதிவு தேவையில்லை என்று பக்கத்தில் எழுதினார்கள். அவ்வளவுதான். வாங்கி முடித்தவர்களின் எண்ணிக்கை 45 விழுக்காடு கூடியது. முதல் ஆண்டில் கூடுதலாக வந்த வருமானம் 300 மில்லியன் டாலர்.

பொருளை மாற்றவில்லை, விலையைக் குறைக்கவில்லை. வாடிக்கையாளர் தடுமாறும் இடத்தைப் பார்த்தார்கள், அந்தக் கல்லை எடுத்துப் போட்டார்கள். நம் பிள்ளைகளின் அகப்பக்கங்களில் இப்படி எத்தனை கற்கள் கிடக்கின்றனவோ!

கேள்வியைச் சுருக்குங்கள்

வாங்கியவரிடம் கருத்துக் கேட்கிறோம் என்று சிலர் இருபது கேள்விகளை அனுப்புகிறார்கள். பால்மரம் வெட்டி, செம்பனைக் குலை சுமந்து, வீட்டு வேலையும் முடித்த பெண்ணுக்கு இருபது கேள்விக்கு நேரமேது?

2003ஆம் ஆண்டில் ஃபிரெட் ரைக்ஹெல்ட் என்பவர் ஒரே ஒரு கேள்வியைப் பரிந்துரைத்தார். "எங்களைப் பற்றி உங்கள் நண்பருக்குச் சொல்வீர்களா? 0 முதல் 10 வரை எண் கொடுங்கள்." அவ்வளவுதான். 9, 10 கொடுத்தவர்கள் உங்களுக்காகப் பிறரிடம் பேசுகிறவர்கள். 7, 8 கொடுத்தவர்கள் நடுவில் நிற்கிறவர்கள். 6க்கும் கீழே உள்ளவர்களும், 6 கொடுத்தவர்களும் மனக்குறை உள்ளவர்கள்.

கணக்குப் போடுவது எளிது. 20 பேரிடம் கேட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 10 பேர் 9 அல்லது 10 கொடுத்தார்கள். அது 50 விழுக்காடு. 4 பேர் 6 அல்லது அதற்குக் கீழே கொடுத்தார்கள். அது 20 விழுக்காடு. 50இல் 20ஐக் கழித்தால் 30. இதுதான் உங்கள் மதிப்பெண். அடுத்த மாதம் இதே கணக்கைப் போடுங்கள். 30 ஏறுகிறதா, இறங்குகிறதா என்று தெரியும்.

ஆனால் எண் மட்டும் போதாது. காய்ச்சல் எத்தனை பாகை என்று தெரிந்தால் மட்டும் நோய் தீருமா? "ஏன் அந்த எண்?" என்று இன்னொரு வரி சேர்த்துக் கேளுங்கள். உங்களுக்கு மருந்து அந்தப் பதிலில்தான் இருக்கும். கேள்வியைத் தமிழிலும் மலாயிலும் கேளுங்கள். மனக்குறையைத் தன் மொழியில் சொல்ல முடிந்தால்தான் மனிதர் முழுதாகச் சொல்வார். எழுதத் தயங்குகிறவர் குரல் பதிவாகவே வாட்ஸ்அப்பில் பேசிவிடட்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறோம். சித்தப்பா, பெரியம்மா, மைத்துனர் என்று உறவுக்காரர்களைக் கூப்பிட்டு, வாங்காமலே "அருமை, அற்புதம்" என்று எழுத வைப்பவர்களும் இருக்கிறார்கள். வேண்டாம். அது கண்ணாடியில் சாயம் பூசிவிட்டு முகம் அழகாகிவிட்டது என்று சொல்வதைப் போன்றது.

புகாரும் ஒரு பாக்கிதான்

கருத்து வந்துவிட்டது. இனி என்ன செய்வது? பழைய 555 புத்தகம் ஒன்றை வாங்குங்கள். அதில் நாம் வாங்கிய கடனை எழுதிப் பழகியிருக்கிறோம். இப்போது நாம் தீர்க்க வேண்டிய புகார்களை எழுதுவோம். நாள், யார் சொன்னார், என்ன சொன்னார், என்ன செய்தோம் என்று நான்கு கட்டங்கள் போதும். நான்காவது கட்டம் காலியாக இருந்தால் பாக்கி இன்னும் நிற்கிறது என்று பொருள்.

பதில் அன்றைக்கே போகட்டும். தீர்வு சொல்ல முடியாவிட்டாலும், "நீங்கள் சொன்னது கிடைத்தது. நாளை மாலைக்குள் பார்த்துச் சொல்கிறோம்" என்ற இரண்டு வரி போதும். சொன்ன நாளில் சொல்லிவிட வேண்டும். 2018 ஜனவரியில் வெளிவந்த வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில், வேலை நேரத்துக்கு வெளியே வருபவர்களுக்குத் தானாகப் பதில் அனுப்பவும், செய்திகளுக்கு அடையாளம் ஒட்டிப் பிரித்து வைக்கவும் இலவசமாக வசதி உண்டு. "புகார்" என்று ஓர் அடையாளத்தை வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இயந்திரத்தின் பதிலோடு நிறுத்திவிடாதீர்கள். சோழன் காவலாளியை அனுப்பியிருந்தால் அந்தக் கதை இன்றுவரை நின்றிருக்குமா?

எல்லாப் புகாருக்கும் கடையைத் திருப்பிப் போட வேண்டியதில்லை. ஒருவர் உப்புக் குறைவு என்பார், இன்னொருவர் உப்புக் கூட என்பார். புத்தகத்தைப் பாருங்கள். ஒரே புகார் மூன்று முறை வந்திருந்தால் அது சுவரில் விழுந்த விரிசல். உடனே பூசுங்கள். உதாரணத்துக்கு, முறுக்கு நொறுங்கி வருகிறது என்று மூன்று பேர் சொன்னால் குறை மாவில் இல்லை, பெட்டியில் இருக்கிறது. பெட்டியை மாற்றிய பிறகு அந்த மூன்று பேருக்கும் எழுதுங்கள்: "நீங்கள் சொன்னதால் பெட்டியை மாற்றிவிட்டோம்." தன் பேச்சுக்கு மதிப்பு இருந்தது என்று அறிந்தவர் அந்தக் கடையை எளிதில் விடமாட்டார்.

பொதுவில் ஒருவர் திட்டி எழுதிவிட்டால், இரவோடு இரவாகச் சண்டைக்குப் போகாதீர்கள். ஒரு மணி நேரம் கழித்து, பணிவாக, நடந்ததைச் சொல்லுங்கள். தவறு நம்முடையதானால் ஒப்புக்கொண்டு காசையோ பொருளையோ திருப்பிக் கொடுங்கள். அந்தப் பதிலைத் திட்டியவர் ஒருவர் மட்டும் படிப்பதில்லை, இனி வாங்க நினைக்கும் நூறு பேரும் படிக்கிறார்கள். வாங்கியவரின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் அங்கே போட்டுவிடாதீர்கள். வியாபாரத்தில் கிடைத்த தனிப்பட்ட விவரங்களைக் காக்க நம் நாட்டில் 2010ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் அது நாகரிகம் அல்லவா?

கேட்காத காதின் கதை

இவ்வளவு ஏன் வற்புறுத்துகிறோம் தெரியுமா? கேட்கப்படாமல் இருப்பது எப்படி வலிக்கும் என்பதைத் தோட்டத்து மக்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

1941ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம்மவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்கள் என்ன கேட்டார்கள்? சீனத் தொழிலாளர்களுக்குச் சமமான கூலி, பிள்ளைகளுக்கு ஒழுங்கான படிப்பு, மருத்துவ வசதி, கள்ளுக்கடைகளை மூடுதல். இவற்றோடு இன்னொரு கோரிக்கையும் இருந்தது. துரைமாரையும் கிராணிமாரையும் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும். எவ்வளவு சின்னக் கோரிக்கை! அதற்குள் எவ்வளவு பெரிய மானம்! ஆனால் அன்றைய ஆட்சி, தலைவர் ஆர்.எச். நாதனைக் கைது செய்து நாடு கடத்தியது. துருப்புகள் சுட்டதில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள்.

போருக்குப் பிறகு நெகிரி செம்பிலான் இந்தியத் தொழிலாளர் சங்கத்தில் உழைத்த பி.பி. நாராயணன் போன்றோரின் முயற்சியால், 1954ஆம் ஆண்டில் பல சங்கங்கள் ஒன்றாகித் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானது. தொழிலாளியின் குறை துரையின் மேசைக்குப் போக ஒரு வழி பிறந்தது. அந்தப் பணிக்காக நாராயணனுக்கு 1962ஆம் ஆண்டில் ரமோன் மகசேசே விருதும் கிடைத்தது.

இன்று அந்தத் தொழிலாளியின் பேத்தி ஒரு கடைக்குச் சொந்தக்காரி. மேசைக்கு இந்தப் பக்கம் அவள் உட்கார்ந்திருக்கிறாள். எதிரே நின்று குறை சொல்பவரிடம் அவள் அந்தக் காலத்துத் துரையைப் போல நடந்துகொள்ளலாமா?

வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை

விற்பவர்களுக்குச் சொன்னோம். வாங்குகிறவர்களும் பேசப் பழக வேண்டும். "போனால் போகிறது, இருபது வெள்ளிதானே" என்று விட்டுவிடாதீர்கள். மரியாதையாக, விவரமாக எழுதுங்கள். எந்த நாள் வாங்கினீர்கள், என்ன குறை, என்ன வேண்டும் என்ற மூன்றும் இருந்தால் போதும். படம் எடுத்து அனுப்புங்கள். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

நம் நாட்டில் 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் உங்கள் பக்கம் நிற்கிறது. 2013 ஜூலை 1 முதல், இணையத்தில் விற்பவர் தம் பெயர், பதிவு எண், தொடர்பு கொள்ளும் வழி, பொருளின் தன்மை, அனுப்பும் செலவு உட்பட முழு விலை, காசு கட்டும் முறை, பொருள் வந்துசேரும் காலம் ஆகியவற்றை வெளியிட வேண்டும். இவை இல்லாத இடத்தில் காசு கட்டுமுன் இரண்டு முறை யோசியுங்கள். விற்கும் பிள்ளைகளே, உங்கள் பக்கத்தில் இவை இருக்கின்றனவா என்று நீங்களும் பாருங்கள். வியாபாரத்தைத் தொடங்கிய 30 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்பதும் சட்டம்.

கடைக்காரர் பதிலே சொல்லாவிட்டால், பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகலாம். மனுவுக்குக் கட்டணம் 5 வெள்ளி. 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை அங்கே வைக்கலாம். வழக்கறிஞர் வைக்க வேண்டியதில்லை, நீங்களே பேசலாம். உரிமை எழுந்த நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் போக வேண்டும். 1969ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட பினாங்கு பயனீட்டாளர் சங்கம் போன்ற அமைப்புகளும் சாதாரண மக்களின் புகார்களை ஏற்று உதவி வருகின்றன. நீங்கள் பேசினால் உங்களுக்குப் பின்னால் வாங்குபவர்களும் காப்பாற்றப்படுகிறார்கள்.

இன்றிரவு செய்ய வேண்டியது

சாப்பாடு முடிந்த பிறகு, உங்கள் மகளோ மருமகளோ நடத்தும் அகப்பக்கத்தை வீட்டில் எல்லாரும் சேர்ந்து திறந்து பாருங்கள். தொலைபேசி எண் முதல் பக்கத்தில் தெரிகிறதா? தமிழில் ஒரு வார்த்தையாவது இருக்கிறதா? போன மாதம் வந்த செய்திகளில் பதில் போகாதவை எத்தனை? அவற்றை எண்ணுங்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி எழுதுங்கள். தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டால் கௌரவம் குறைந்துவிடாது.

அம்மாமார்களே, கைத்தொலைபேசியில் எழுதுவது பிள்ளைகளின் வேலையாக இருக்கட்டும். ஆனால் வந்த கருத்துகளை வாரம் ஒரு முறை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். மாவில் உப்பையும் எண்ணெயின் சூட்டையும் திருத்தப் போவது நீங்கள்தானே. வாடிக்கையாளர் சொன்ன சொல் கடைசியில் வந்து சேர வேண்டிய இடம், உங்கள் அடுப்படி.